பச்சை டேப் ஒட்டிய பாட்டில்

அப்பா,

நேற்று மதியம் தம்பி வந்திருந்தான். சாப்பிட்டு முடித்து, கை கழுவிய ஈரத்தோடேயே சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தான். ரப்பர் மூடி, அதன்மேல் அலுமினியப் பட்டை, அடியில் சிட்டிகை வெள்ளைத் தூள். பெப்டைடு மருந்தாம், தோள்பட்டை வலிக்கு இணையத்தில் வாங்கினானாம். ஜிம்முக்கு வருகிறவர்கள் பலரும் ஊசியில் போட்டுக்கொள்கிறார்களாம். இன்னொரு வகையும் இருக்கிறதாம், அது வயதானவர்களுக்குப் போன எதிர்ப்புச் சக்தியைத் திருப்பிக் கொடுக்குமாம். "அக்கா, நீ அந்தக் காலத்துலயே இதையெல்லாம் பாத்தவதான. ரெண்டுல எது நல்லது, சொல்லு" என்றான்.

குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பொடி எழுத்தைப் படிக்க மாட்டேன் என்கிறான். போட்டுக்கொள்ளாதே என்று சொல்லி, எனக்குத் தெரிந்த எலும்பு டாக்டரிடம் அவனுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். அவன் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் "ரெண்டுல எது" என்ற கேள்வி மட்டும் அவன் போன பிறகும் வீட்டை விட்டுப் போகவில்லை. அதை என்னிடம் முதலில் கேட்டவர் நீங்கள்.

அப்போது நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சனிக்கிழமைகளில் ரயிலேறி விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கினால், நீங்கள் பீங்கான் பட்டறைகள் நிறைந்த செராமிக் எஸ்டேட்டிலிருந்து நேராக வந்து நிற்பீர்கள். பொம்மைக்கும் ஜாடிக்கும் பிளாஸ்டர் மாவில் அச்சு வார்ப்பது உங்கள் தொழில். தலைமுடி எது நரை, எது மாவு என்று கண்டுபிடிக்க முடியாது. "மாவ தட்டிட்டு வரக் கூடாதாப்பா" என்பேன். "தட்டினா கெழவன்னு தெரிஞ்சிடும்" என்பீர்கள்.

சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், என் ஆய்வகத்தைப் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். கல்யாண வேட்டியோடு எலிக்கூண்டுகளுக்கு நடுவில் நின்ற ஒரே மனிதர் நீங்களாகத்தான் இருக்கும். நாங்கள் இரண்டு பெப்டைடுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். புரதம் நீளமான மாலை என்றால் பெப்டைடு அதிலிருந்து நறுக்கிய சின்னத் துண்டு என்று சொன்னேன். ஒன்று, சிதைந்த தசையையும் தோலையும் மறுபடி கட்டச் சொல்லி உடம்பைத் தூண்டுவது. மற்றொன்று, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பி தொடர்பானது. கிருமியை அடையாளம் காணும் அணுக்களைப் பழக்குகிற சுரப்பி அது, வயதாக ஆகச் சுருங்கிவிடும். கிழட்டு எலிக்குப் புண் ஆறாமல் இழுப்பது கட்டுகிற ஆள் இல்லாததாலா, காவல் காக்கிற ஆள் அசந்துபோனதாலா? எங்கள் கேள்வி இதுதான்.

"அப்ப ஒருத்தன் கொத்தனாரு, இன்னொருத்தன் வாட்ச்மேனு" என்றீர்கள். என் பேராசிரியை சிரித்துவிட்டார். அன்று முதல் எங்கள் ஆய்வகத்திலேயே அந்தப் பெயர்கள்தான் புழங்கின.

கூண்டுகளின்மேல் கலர் கலராக டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு அது எதற்கு என்று கேட்டீர்கள். சில எலிகளுக்குக் கொத்தனார், சிலவற்றுக்கு வாட்ச்மேன், சிலவற்றுக்கு இரண்டும், மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர் என்றேன். எந்தக் கலருக்கு எது என்பது பேராசிரியைக்கு மட்டும்தான் தெரியும், புண்ணை அளக்கிற எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

"குடுக்கற ஒனக்கே தெரியாதா?"

"தெரிஞ்சா கண்ணு ஏமாத்திடும்ப்பா. மருந்து போட்ட புண்ணு சின்னதாத் தெரியும்."

"தண்ணி குடுத்த எலி பாவம், அப்பிடியே வுட்டுடுவீங்களா?"

"அதுவும் ஆறுதுப்பா. கொஞ்சம் லேட்டாகும்."

உங்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. சொல்லாமல் கொடுப்பது, தெரியாமல் பார்ப்பது. ஊருக்குத் திரும்பி, எஸ்டேட் டீக்கடையில் எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறீர்கள். அதன் விளைவு பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

அதற்குச் சில மாதம் கழித்து அம்மா ஹாஸ்டலுக்குப் போன் செய்தார். "ஒங்கப்பா படுக்கற பாயெல்லாம் வெள்ளத் தூளா இருக்குது. கேட்டா மாவுங்கறாரு. வாடை வேற அடிக்குது. நீ வா" என்றார். அடுத்த ரயிலில் வந்தேன். உங்கள் வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் எட்டணா அளவுக்குப் புண். செருப்புக்குள் போன பீங்கான் சில்லைத் தெரியாமல் நாளெல்லாம் மிதித்து நடந்திருக்கிறீர்கள். சர்க்கரை வியாதி பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. அது கூடப் பரவாயில்லை, யாருக்கும் நடக்கும். அந்தப் புண்ணில் நீங்கள் தினமும் சைனா கிளே என்கிற பீங்கான் களிமண் பொடியைத் தூவி, சூளைச் சுவரின் கதகதப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

"என்னாப்பா இது?"

"காய வெக்கிறேம்மா. ஈரத்தோட சூளைல வச்சா வெடிச்சிடும் இல்ல?"

"இது பொம்மை இல்லப்பா. ஒங்க காலு."

உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது என்று எரிச்சலோடு நினைத்தேன். உள்ளே களிமண் இறுகிக் கிடந்தது, அதன் அடியில் சீழ். அம்மா சுவரோரம் நின்று வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதார். உங்களைத் திட்டிக்கொண்டே ஆட்டோ பிடித்தேன். பஸ்ஸில் புதுச்சேரி போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேரும்வரை திட்டினேன்.

அங்கே இருந்த பெண் மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, உங்களிடம் சொல்லாமல் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். எலும்புக்கு இன்னும் இறங்கவில்லை, ஆனால் நெருங்கிவிட்டது. சில வாரம் பார்ப்போம், ஏறினால் விரலை எடுக்க வேண்டும், அதற்கும் மேலே போனால் பாதத்தில் பாதியை. வெளியே வந்து உங்களிடம் அப்படியே சொன்னேன். மறைத்தால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். நீங்கள் பாதத்தைப் பார்த்தபடி, "பாதி காலோட அச்சு தூக்க முடியாதே" என்றீர்கள், வேறொருவரின் காலைப் பற்றிப் பேசுவதுபோல.

எடையைக் காலில் இறக்காமல் இருக்கக் கழற்றி மாட்டுகிற மாவுக்கட்டு ஒன்று போட்டார்கள். அங்கேதான் உங்களுக்கு உயிர் வந்தது. கலக்கிக்கொண்டிருந்த பையனைப் பார்த்து, "தம்பி, மாவுல தண்ணி ஊத்தாத, தண்ணில மாவத் தூவு. இல்லாங்காட்டிக் குமிழி வுழும்" என்று ஆரம்பித்தீர்கள். அவன் கேட்கவில்லை. கட்டில் குமிழி விழுந்தது. அந்தக் கட்டு கழலும் நாள்வரை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் குமிழிகளைத்தான் காட்டினீர்கள், காலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில், கடலூர் தாண்டியதும் கேட்டீர்கள். உங்கள் கால் என் மடியில் இருந்தது.

"ஏம்மா, அந்த ரெண்டுல எது நல்லது? கொத்தனாரா, வாட்ச்மேனா?"

எதற்குக் கேட்கிறீர்கள் என்று உடனே புரிந்தது. ஆய்வகக் குளிர்ப்பெட்டியில் குப்பிகள் இருந்தன, சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.

"அது எலிக்குப்பா."

"எலிக்கு ஆறுதில்ல?"

"ஆறுது. ஆனா ஆறின எலிய நாங்க உயிரோட வுடறதில்ல. ஆறின தோல வெட்டித்தான் பாக்கணும். அது இன்னும் ரெண்டு வருஷம் இருந்தா என்னா ஆயிருக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாது. வளருன்னு சொல்ற மருந்து, வளரக் கூடாததையும் வளத்து வுட்டா? எங்கயாவது கட்டி கிளம்பினா? நான் குடுக்க மாட்டேன்ப்பா. என்னால முடியாது."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணீர் வந்தது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். நெய்வேலி வந்ததும் என் தோளைத் தட்டி, "சரி, வுடு. என்னையும் ஒரு எலி வரிசைல சேத்துக்க. எந்த வரிசைன்னு எங்கிட்ட சொல்ல வாணாம்" என்றீர்கள். அழுகிற பெண்ணைச் சிரிக்கவைக்க அப்படிச் சொல்கிறீர்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

சனிக்கிழமைதோறும் வந்தேன். மருத்துவர் சொன்னபடி உப்புத் தண்ணீரால் கழுவி, ஈரத் துணி வைத்து, மேலே கட்டுப் போட வேண்டும். பெரிய பாட்டிலாக வாங்கினால் அம்மா மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் மறுநாளும் அதையே ஊற்றுவார். அதனால் சென்னை மருந்துக்கடையில் நாளுக்கு ஒன்றாகச் சின்ன பாட்டில்கள் வாங்கி வந்தேன். அம்மாவின் கண் சொட்டு மருந்தும் கிட்டத்தட்ட அதே அளவு. மாறிவிடக் கூடாது என்று பையில் கிடந்த பச்சை டேப்பைக் கிழித்து எல்லாவற்றிலும் ஒட்டினேன். ஆய்வகத்து டேப்தான். அது உங்கள் கண்ணில் எப்படிப் படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நீங்கள் அப்படியொரு நல்ல நோயாளியாக மாறியதைப் பார்த்து அம்மா பயந்துபோனார். சர்க்கரை போட்ட டீயை நிறுத்தினீர்கள். மாவுக்கட்டு இல்லாமல் கொல்லைப் பக்கம் கூடப் போகவில்லை. கழுவும் நேரம் வந்தால் நீங்களே பாட்டிலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ம், ஊத்து" என்பீர்கள். புண்ணின் ஓரம் முதலில் சிவந்தது, பிறகு உள்ளிருந்து சதை பொங்கி மேலே வந்தது. பல மாதம் ஆயிற்று, ஆனால் மூடியது. விரல் தப்பியது. புதுச்சேரி மருத்துவர் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா பாத்துக்கிட்டீங்க" என்றார். நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தீர்கள்.

அந்தப் பார்வைக்கு அர்த்தம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காசி மாமா வீட்டுக்கு வந்தபோது தெரிந்தது. உங்களோடு எஸ்டேட்டில் சூளை அடுக்குகிறவர். அவர் மனைவிக்குக் கணுக்காலுக்கு மேலே ஆறாத புண். வந்தவர் உட்காராமல், குரலைத் தாழ்த்தி, "பாப்பா, அந்தப் பச்ச பாட்டுலு ஒரு நாலு குடும்மா" என்றார்.

"அது வெறும் உப்புத் தண்ணி மாமா. மருந்துக் கடைல கெடைக்கும்."

"ஆமாம்மா, தண்ணிதான். அப்பா சொன்னாரு. நான் வெளிய சொல்ல மாட்டேன்."

நீங்கள் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டீர்கள். மாமாவை ஒருவழியாகச் சமாதானப்படுத்தி, அடுத்த வாரம் அத்தையை நானே புதுச்சேரிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி அனுப்பினேன். பிறகு உங்களிடம் வந்தேன்.

"அப்பா, நெசமா அது வெறும் உப்புத் தண்ணி."

"ஆமாம்மா. நானும் அதான சொல்றேன். உப்புத் தண்ணி" என்று சொல்லி ஒரு கண்ணை மூடித் திறந்தீர்கள்.

என்ன சொன்னாலும் நீங்கள் நினைத்ததே உறுதியாயிற்று. மறுத்தால், இவள் மறுக்கத்தான் செய்வாள். அழுதால், பாவம், மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறாள். அத்தைக்குக் காலில் இறுக்கிக் கட்டிய பட்டையால் புண் ஆறியபோதும், "அவுங்களுக்கும் ஏதோ குடுத்துட்ட போல" என்றீர்கள். எங்கள் ஆய்வகத்தில் முடிவு தெரியக்கூடாது என்பதற்காக ஒட்டிய டேப் அது. உங்களுக்கோ அந்த டேப்பே முடிவைச் சொல்லிவிட்டது.

எலிகளின் முடிவும் அந்த வருடமே வந்தது. பேராசிரியை கலர்களைப் பிரித்துச் சொன்னார். இளம் எலிகளுக்குக் கொத்தனார் கொஞ்சம் முந்தினார். கிழட்டு எலிகளில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆய்வேடு எழுதுகிற அளவுக்குத் தேறியது, மருந்தாகிற அளவுக்குத் தேறவில்லை. உங்களிடம் சொன்னபோது, "மனுசனுக்குக் கேக்குது, எலிக்குக் கேக்கல" என்று முடித்துவிட்டீர்கள்.

விளையாட்டாகத்தான் இருந்தது, அம்மா ஒருநாள் அடுப்படியில் அதைச் சொல்லும்வரை. "எம்பொண்ணு எனக்காவ வேலை போனாலும் போவட்டும்னு துணிஞ்சா. யாரு வூட்டுப் புள்ள செய்யும்? அப்பிடின்னு நெனச்சி நெனச்சி அழுவறாருடி" என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் நம்பியது மருந்தை அல்ல, என்னை. உண்மையைச் சொல்வதென்றால், நான் துணியவில்லை, உங்கள் கால் போகலாம் என்று தெரிந்தும் குளிர்ப்பெட்டியைத் திறக்கவில்லை என்று சொல்ல வேண்டும். செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சரியானதைச் செய்தேன் என்பதைப் பெற்றவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. சில முறை முயன்றேன், நீங்கள் கண்ணடித்துப் பேச்சை மாற்றினீர்கள். அப்படியே வருடங்கள் ஓடின.

கடைசியாக, ஒரு மழைக்கால முடிவில், உங்களுக்கு நிமோனியா வந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மருந்துக்குக் காய்ச்சல் இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தது. வயது, சர்க்கரை, நெஞ்சில் எத்தனையோ வருடத்து மாவு. அம்மா சாப்பாடு எடுத்துவரப் போயிருந்த மத்தியான நேரம், மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயை ஒரு பக்கம் தள்ளிவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"யம்மா, அன்னிக்குக் கொத்தனாரக் குடுத்தியே. இதுக்கு அந்த வாட்ச்மேன் கெடைப்பானா?"

கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சின்ன பாட்டில், ஒரு துண்டு டேப். உங்களுக்கு அது போதும், நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். அப்படிச் செய்துவிடலாமா என்று அந்த நிமிடம் நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் கேட்டவர் நீங்கள், அதுவும் விளையாட்டாகக் கேட்கவில்லை.

"அன்னிக்கும் குடுக்கலப்பா" என்றேன். "நெசமாவே அது கடைல வாங்கின உப்புத் தண்ணி. டேப்பு, அம்மா கண்ணு மருந்தோட மாறிடக் கூடாதுன்னு ஒட்டினது. நீங்க கேட்டீங்க, நான் மாட்டேன்னு சொன்னேன். மாட்டேன்னா மாட்டேன்தான்ப்பா."

நீங்கள் கண்ணடிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு போர்வையை விலக்கச் சொன்னீர்கள். விலக்கினேன். தலையைத் தூக்கி அந்தக் காலைப் பார்த்து, கட்டைவிரலை மெதுவாக ஆட்டினீர்கள்.

"அப்ப இது முழுக்க என்னோட வேல" என்றீர்கள்.

அந்தக் காய்ச்சலிலும் உங்கள் முகத்தில் அப்படியொரு பெருமை. என்மேல் நீங்கள் வைத்திருந்த பெருமையை உங்களிடமிருந்து பறித்துவிட்டதாக நினைத்துப் பயந்து நின்றேன், நீங்கள் அதை அப்படியே எடுத்து உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டீர்கள்.

"அன்னிக்குக் குடுத்திருந்தா சீக்கிரம் ஆறியிருக்குமா?"

"தெரியாதுப்பா."

"இப்பக் குடுத்தா?"

"அதுவும் தெரியாதுப்பா."

"ஒனக்கே தெரியலன்னா வாணாம்" என்று சொல்லி, என் கையை எடுத்து உங்கள் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டீர்கள். "நீ தெரியாதுன்னு சொன்னா, நெசமாவே தெரியாதுதான்."

அந்த வாரம் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். புற்றுநோய் வந்த பிள்ளையின் அப்பா, முழங்கால் தேய்ந்த ஆசிரியை, எங்கேயோ எதையோ படித்துவிட்டு வந்து நம்பிக்கையோடு என் முகத்தைப் பார்க்கிறவர்கள். எது நல்லது என்று கேட்பார்கள். எலிகளில் பார்த்ததைச் சொல்வேன், மனிதரில் இன்னும் பார்க்காததைச் சொல்வேன், கடைசியில் தெரியாது என்றும் சொல்வேன். சிலருக்குக் கோபம் வரும், சிலர் எழுந்து போய்விடுவார்கள். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. உங்கள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி அதைச் சொன்னவள் நான், மற்றவர்களிடம் சொல்வதா கஷ்டம். ஆனால் ஒவ்வொரு முறையும், சொல்லி முடித்த பிறகு, அன்றும் நீங்கள் ஒரு தடவை கண்ணடித்துவிட்டுப் போயிருக்கலாம் என்று மனசு ஏங்குகிறது அப்பா.